ஆடிப்பெருக்கில் தலைக்கு ஊற்றியவள்

"கடைசியா எப்பம்மா தூரமானே?" என்று கேட்டால், 1986-இல் எங்கள் தருமபுரிப் பக்கத்தில் யாரும் தேதி சொல்லமாட்டார்கள். "ஆடிப்பெருக்கன்னிக்குத் தலைக்கு ஊத்தினேன் நர்சம்மா" என்றாள் அவள். அங்கிருந்து கணக்கைப் பிடிப்பது என் வேலை. தலைக்கு ஊற்றுவது நாலாம் நாள். ஆகவே ஆகஸ்ட் 3-இலிருந்து பின்னால் நடந்து ஜூலை 31-க்கு வரவேண்டும். அதோடு ஏழு நாள் கூட்டி, ஒன்பது மாதம் தள்ளினால் மே 7. பதிவேட்டில் எழுதினேன். பையன் மே 9 அதிகாலையில் பிறந்தான்.

கிராம சுகாதார செவிலியராக நான் வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதினெட்டு மாதப் பயிற்சி, ஒரு துணை சுகாதார நிலையம், ஐயாயிரம் மக்கள், நடந்தே போகவேண்டிய சிற்றூர்கள். பையில் என்னென்ன இருக்கும் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சத்து மாத்திரை, டி.டி. ஊசி, சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, அசிட்டிக் அமிலப் புட்டி, குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் குழல், நிரோத், மாலா-என். ரத்தத்தின் நிறத்தை அளக்க என் கட்டைவிரல்தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்து, நகத்தை அழுத்தி விட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, "வெளுத்துப்போயிருக்கே" என்பேன். எட்டு கிராமா ஆறு கிராமா என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஏழுக்குக் கீழே போனால் பிரசவத்தில் சிந்தும் சாதாரண ரத்தமே தாயைக் கொண்டுபோய்விடும் என்பது மட்டும் தெரியும். அதனால் வெளுத்திருந்தால் எல்லோரையுமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். பாதிப் பேர் போகமாட்டார்கள்.

சிறுநீரைச் சோதிப்பது எனக்குப் பிடித்த வேலை. குழாயில் முக்கால் பங்கு ஊற்றி, மேல்பகுதியை மட்டும் விளக்கில் காட்டவேண்டும். மேகம் போலக் கலங்கினால் ரெண்டு சொட்டு அமிலம். கலங்கல் தெளிந்துவிட்டால் பயமில்லை. நின்றால் அது புரதம். காலும் முகமும் வீங்கி, தலைவலியோடு, கண் மங்குகிறது என்றும் ஒருத்தி சொன்னால் அன்று ராத்திரிக்குள் அவளை வண்டியேற்றியாக வேண்டும். ஜன்னி கண்டுவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். வண்டி என்றால் மாட்டுவண்டி. சாலைக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து... அப்படிப் போன ஒருத்தி திரும்பி வரவில்லை. அவள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நடையைத் தளர்த்துவேன்.

குழலை வயிற்றில் வைத்து நான் கேட்பேன். தாய்க்குக் கேட்காது. "என்ன சொல்லுது நர்சம்மா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அவள் உள்ளங்கையில் என் விரலால் அதே வேகத்தில் தட்டிக் காட்டுவேன். நிமிடத்துக்கு 140. ஆடிப்பெருக்குக்காரி கையை வெகுநேரம் இழுத்துக்கொள்ளவே இல்லை.

அவளுக்கு அது இரண்டாம் பிரசவம். மூத்தது மூன்று வயதுப் பெண். வீட்டில்தான் பார்த்தோம், ஊர் மருத்துவச்சி அம்மாவும் நானும். அந்த அம்மாவோடு நான் சண்டை போட்டதில்லை. வலி எடுத்தவளைப் பிடித்துக்கொண்டு பேசுவதில் அவர் கைக்கு என் படிப்பு ஈடில்லை. தொப்புள்கொடியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், சோப்புப் போட்டுக் கழுவிய கை. சாம்பலோ மஞ்சளோ எதுவும் வைக்கக்கூடாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டப்போன பாட்டியின் கையைப் பிடித்து நிறுத்தி, பையனை மாரில் போட்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வார்த்தையில்லை.

அடுத்த மார்ச்சில் நான் அவள் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனேன்.

வருடம் முடிவதற்குள் இத்தனை கருத்தடை ஆபரேஷன், இத்தனை லூப் என்று ஒவ்வொரு செவிலியருக்கும் இலக்கு இருந்தது. உலகிலேயே முதன்முதலாக, 1952-இல், அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு இது. அதை நான் இன்றும் பெருமையாகவே சொல்வேன். ஆனால் எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் யாருக்கு வயிறு வலிக்கிறது, யார் மாத்திரையைக் கூரையில் செருகி வைத்திருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. "எத்தனை கேஸ்?" என்பதுதான் கேள்வி. எனக்கு இன்னும் மூன்று குறைந்தது. கேம்ப் போட்டிருந்தார்கள். ரெண்டு பிள்ளை, அதில் ஒன்று ஆண், வயது இருபத்துநாலு. அவள் தகுதியான கேஸ். "இரண்டு போதும்மா, உடம்பு தேறட்டும்" என்றேன். மாமியாரிடம் பேசினேன், கணவனிடம் பேசினேன், ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போனேன். அவளிடம் சொன்னது நிறைய. கேட்டது ஒன்றுமில்லை. பையனுக்கு அப்போது பத்து மாதம். வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் பிள்ளைகளைக் கொண்டுபோகும் ஊர் அது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இன்னும் ரெண்டு வருடம் காப்பர் டி போட்டுக்கொள், அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1989 மழைக்காலத்தில் பையன் போய்விட்டான். வயிற்றுப்போக்குதான். ஒரு நாள் ராத்திரியில்.

முப்பது கழிந்து சில நாளில் அவள் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்தாள். உட்காரவில்லை. "நர்சம்மா, அன்னிக்குப் போட்டாங்களே, அத அவுத்துவிட முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று சொன்னேன். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லேப்ராஸ்கோப்பியில் வளையம் போட்டவர்களுக்குக் குழாயில் நசிவது கொஞ்சம்தான். மறுபடி இணைத்துத் தைக்கும் ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு, நிச்சயம் சொல்ல முடியாவிட்டாலும் வாய்ப்பு இருந்தது. நான் அதைப் படித்தபோது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இலக்கு முறையை 1996-இல் எடுத்தார்கள். நான் அந்தச் சுற்றறிக்கையை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன்.

ஆண்களைப் பற்றி எழுத அதிகமில்லை. வாசக்டமி சின்ன ஆபரேஷன், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, விந்தைச் சோதித்துக்கொண்டால் போதும். ஆனால் 1976-77-இல் ஒரே வருடத்தில் நாடு முழுக்க எண்பது லட்சத்துக்கு மேல் கருத்தடை செய்தார்களே, பல இடங்களில் வலுக்கட்டாயமாக, அந்தப் பயம் பத்து வருடம் கழித்தும் எங்கள் ஊரில் இருந்தது. ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் கரட்டுப் பக்கம் போய்விடுவார்கள். பாரம் முழுக்கப் பெண் மேல் இறங்கியது. இன்றும் தமிழ்நாட்டில் நூறு குடும்பத்தில் ஒரு ஆண்கூட அதைச் செய்துகொள்வதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

என் அண்ணன் மகள் இப்போது அதே வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவளோடு ஒரு நாள் சுற்றினேன். அவள் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் எத்தனை கிராம் என்று அப்போதே காட்டும் கருவி. 140-க்கு 90 தாண்டினால் உடனே தெரியும் பி.பி. கருவி. பழைய டி.டி. (TT) போய், ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் டி.டி. (Td) என்ற புது ஊசி வந்திருக்கிறது, பெயர் ஒன்று போல ஒலித்தாலும் மருந்து வேறு. சத்து மாத்திரை நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் இன்னும் 180 நாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதே, காபி டீயோடு போடாதே, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே என்று அவள் ஒவ்வொருத்தியிடமும் சொல்கிறாள். இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் அப்போதே சொல்லியிருந்தால் அத்தனை மாத்திரை கூரைக்குப் போயிருக்காது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கிறார்கள், 140-ஐத் தொட்டால் கவனிப்பு தொடங்கிவிடுகிறது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா வருடக்கணக்காக வலியுறுத்திய சோதனை அது. என் காலத்தில் வயிற்றிலேயே இறந்த கனத்த பிள்ளைகளைக் காரணம் தேடாமலே புதைத்தோம்.

2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இப்போது தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பதே அபூர்வம். உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் 2018-20 கணக்கில் 54 பேர். அந்த எண்ணுக்குப் பின்னால் நடந்த கால்களில் என் காலும் உண்டு. ஆனால் 2019-21 கணக்கெடுப்பில் இங்கே பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 44.9 சிசேரியன் என்பதைப் படித்தபோது வயிறு கலங்கியது. தேவைப்பட்ட ஒருத்திக்கு அது கிடைக்காமல் போனதைப் பார்த்தவள் நான். தேவையில்லாத ஒருத்திக்குச் செய்வதையும் என்னால் ஏற்கமுடியாது.

அண்ணன் மகள் போனிலேயே குனிந்திருக்கிறாள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு எண், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பதிவு. "இத ஏத்தலைன்னா போன் வந்துரும் அத்தை" என்கிறாள். எனக்கு மார்ச் மாதக் கூட்டம் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பிள்ளை கூடாது என்று எண்ணிக்கை கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகூட இல்லாத இந்த நாளில், 2025 மார்ச்சில், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையும் என்ற கணக்கை நினைத்து, புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலமைச்சரே மேடையில் சொன்னார். நாற்பது வருடத்தில் எண் திசை மாறிவிட்டது. கருப்பை அதே இடத்தில்தான் இருக்கிறது, அதற்குச் சொந்தக்காரியிடம் கேட்பதற்கு முன்னால் மற்றவர்கள் முடிவு சொல்வதும் அப்படியே இருக்கிறது.

அன்று கடைசியாகப் போனது எனக்குத் தெரிந்த வீடு. ஆடிப்பெருக்குக்காரி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அன்று மூன்று வயதாக இருந்த மூத்த பெண்ணின் மகள் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். அண்ணன் மகள் வயிற்றில் கருவியை வைத்தாள். துடிப்பு வீடு முழுக்கக் கேட்டது. பாட்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பிரசவத்துக்கு அப்புறம் என்ன பாதுகாப்புன்னு யோசிச்சியாம்மா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். பெண்ணின் அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் அவுங்க மாமியாரக் கேட்டுத்தான்..."

"அவ சொல்லட்டும்க்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பர் டி என்றால் பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதம் தீட்டு கொஞ்சம் அதிகம் போகும், நெஞ்சுக்கெல்லாம் ஏறாது, கருப்பை மேலே மூடிய பை. அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, பால் கொடுப்பவள் ஆறு வாரம் கழித்துப் போடலாம். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மாலா-என் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வேண்டாம். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் வராமல் இருந்தால் அந்த ஆறு மாதம் அதுவே ஒரு காப்பு, ஆனால் தீட்டு வருமுன்னேயே கரு தங்கிவிடலாம், அதை மட்டும் நம்பி அதற்கு மேல் தள்ளக்கூடாது. அடுத்ததுக்கு இரண்டு வருடமாவது விட்டால் உடம்பு தேறும்.

"ஊசி போட்டா அப்புறம் புள்ள தங்க லேட்டாகுமாக்கா?" என்று பெண் கேட்டாள்.

"ஆகும். கடைசி ஊசி போட்டு ஏழு மாசம், பத்து மாசம்கூட ஆகலாம். ஆனா தங்கும்."

பாட்டி திண்ணையிலிருந்தே கேட்டாள். "இதுல எதுவும் வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க, நர்சம்மா?"

"வேணாம்னு எழுதிக்குவேன் பாட்டி. அடுத்த மாசம் மறுபடி வந்து பாப்பேன், எப்படி இருக்கான்னு."

பாட்டி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தக்கூடாது என்று நினைத்தேன். அவள் எழுந்து உள்ளே போய், மூன்று தம்ளரில் மோர் கொண்டுவந்து முதல் தம்ளரை எனக்குக் கொடுத்தாள்.