பேசின் பிரிட்ஜுக்கு நாலு கிரெடிட்

பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் பக்கம் கொசுவும் வரும், பல்கலைக்கழகப் பஸ்ஸும் வரும். ‘நகரமும் பண்பாடும்’ என்று ஒரு பாடம். முதுகலைக்கு நாலு கிரெடிட். கள ஆய்வுக்குத் தனியாக இன்டர்னல் மார்க். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், ஒன்று வந்தால் இன்னொன்றும் வருகிறது. பிள்ளைகள் இறங்கியதும் ஸ்டேஷன் பலகைக்கு முன்னால் செல்ஃபி. ரயில்வே கணக்கில் பேசின் பிரிட்ஜுக்குக் குறியீடு பி.பி.க்யூ. அதைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரிப்பு. சுட்ட கோழி ஞாபகம் வந்துவிட்டதாம். பக்கிங்காம் கால்வாயில் ஓட்டேரி நல்லா ஓடை வந்து கலக்கும் வாடை மூக்கில் ஏறும்வரை அந்தச் சிரிப்பு இருக்கும்.

பேராசிரியர் பாலத்தின்மேல் நின்று கையை நீட்டுவார்: “இதுதான் நகரத்தின் விளிம்பு.” சென்ட்ரலிலிருந்து புறப்பட்டால் முதல் ஸ்டேஷன் இது. இது விளிம்பு. முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஏரிக்கரையில் கட்டிய சிறுசேரி மட்டும் ‘வளர்ச்சி வழித்தடம்’. வடக்கேயிருந்து வந்தாலும் மேற்கேயிருந்து வந்தாலும் சென்ட்ரல் போகிற ஒவ்வொரு ரயிலும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சிக்னலுக்கு நின்றால் ஏ.சி. பெட்டிக்காரர் திரையை இழுத்துவிடுவார். அவர் இறங்கிப் போன பெட்டி திரும்ப இங்கேதான் வரும், அவர் விட்டுப்போனதைக் கழுவுவதற்கு. அந்தக் கழுவும் வேலையில் இருப்பவர்களிடம் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பாடத்திட்டத்தில் ‘பயணமும் நவீனத்துவமும்’ என்று ஓர் அலகு இருக்கிறது. அதற்கு அயல்நாட்டு நாவல்.

கேள்வித்தாள் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு பையன், நல்ல பிள்ளைதான், தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த அக்காவிடம் போய், “உங்க நகர்ப்புற அடையாளத்தை எப்படி உணர்றீங்க?” என்றான்.

“அடையாளமா? ஆதார் வேணுமா, ரேஷன் கார்டு வேணுமா?”

“இல்லக்கா, இந்த இடத்தோட உங்களுக்கு இருக்குற உறவு…”

“போன வருஷமும் வந்தீங்களே, எழுதினு போனீங்களே. பட்டா வந்துச்சா தம்பி?”

பையன் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டான். லாரி வந்தது, அக்கா குடத்தோடு ஓடினாள். அறிக்கையில் அவளை ‘கேள்வியைத் தவிர்த்த தகவலாளி’ என்று போட்டிருப்பான்.

பண்பாட்டைத் தேடித்தானே வருகிறார்கள், காட்டட்டுமா என்றால் நேரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாயில் படகுகள் வந்து தங்கிய இடம் இது. இங்கிருந்த பஞ்சாலை மதிலுக்கு அந்தப்பக்கம்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே விழுந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து, போலீஸ் சுட்டு, பிணங்கள் விழுந்தன. சாதியும் கூலியும் ஒரே தெருவில் மோதிக்கொண்ட கதையைவிட நகரப் பண்பாட்டுக்கு வேறென்ன பாடம் வேண்டும்? இந்தி எதிர்ப்பில் கைதாகி 1939ல் உயிரை விட்ட நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில் கிடக்கிறார்கள். பஸ் அங்கே நிற்காது; பார்க்கிங் கிடையாதாம். கானா பாட ஒரு பையனும் பாக்சிங் கிளவுஸ் மாட்ட ஒரு பையனும் கிடைத்துவிட்டால் போதும், வட சென்னைப் பண்பாடு முடிந்தது. சினிமா ஏற்கெனவே நோட்ஸ் கொடுத்துவிட்டதே.

புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு மட்டும் கட்டாயம் உண்டு. 2021 ஆகஸ்டில் புத்தம்புது அடுக்குமாடியில் குடியேறிய ஜனங்கள் சுவரைத் தொட, பூச்சு மாவாக உதிர்ந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. அரசாங்கம் ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டு ஆய்வு செய்யச் சொன்னது. அந்தச் சுவரை ஒரு மாணவர் ‘பொருள்சார் பண்பாடு’ என்ற தலைப்பில் எழுதினார் என்று கேள்வி. சரிதான், சிமென்ட்டும் ஒரு பொருள்தானே. அது எங்கே போயிற்று, யார் பில் போட்டார், யார் கையெழுத்து வைத்தார் என்று தேடியிருந்தால் டாக்டர் பட்டமே தரலாம். ஆனால் சுண்ணாம்புத் தூளில் ‘நிலையாமையின் அழகியல்’ தெரிந்ததாம். அந்தத் தூள் உதிர்கிற கட்டிலில் கைக்குழந்தையோடு ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் அழகியல் இன்னும் நன்றாகத் தெரியும்.

எண்ணூருக்கும் கண்ணகி நகருக்கும் வேறொரு நாள். எண்ணூரில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றை மூடியபோது மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்து, கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். இப்போது அது ‘சூழலியல் நினைவு’. கண்ணகி நகரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் சுவர்களில் 2020லிருந்து பிரமாண்ட ஓவியங்கள். நகரின் நடுவிலிருந்து பிய்த்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் எறி. பிறகு சுவரில் அவர்கள் முகத்தையே சிரிக்கிற மாதிரி வரை. பிறகு மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டு. வேலை போன வீட்டு வேலைக்காரப் பெண்மணிக்கும், கல்வியாண்டு நடுவில் பள்ளி மாறிப் படிப்பை விட்ட பையனுக்கும் வண்ணத்தில் என்ன குறை?

இந்தப் பாடத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் படித்தாள். விண்ணப்பத்தில் ‘பெரம்பூர்’ என்றுதான் போட்டிருந்தாள். புளியந்தோப்பு என்று போட்டால் இன்டர்வியூவில் முகம் மாறும் என்பது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் வகுப்பில் பவர்பாயின்ட் ஓடுகிறது. ‘அடர்த்தியும் அசுத்தமும்’ என்ற ஸ்லைடில் அவள் தெரு. மூலையில் வாளியோடு நிற்பது அவள் பாட்டி. பக்கத்தில் இருந்தவள், “அய்யோ, எப்படித்தான் இருக்காங்களோ” என்றாளாம். இவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கட்டுரையில் அத்தனையையும் கொட்டினாள்: ஆட்டுத்தொட்டியில் விடியற்காலை எப்படி இருக்கும், மழைக்காலத்தில் எந்த வீட்டுக் கட்டிலில் எத்தனை செங்கல் ஏறும், போர்டு வீட்டு ஒதுக்கீட்டு ஆர்டருக்கு யாருக்கு எவ்வளவு போகும். மதிப்பெண் 25க்கு 11. ஓரத்தில் சிவப்பு மையில்: ‘கோட்பாட்டுச் சட்டகம் இல்லை, சார்புநிலை தெரிகிறது.’ கால்வாய் நாற்றத்தைப் பற்றி ஏழு பக்கம் எழுதிய அடையாறு பையனுக்கு 23. அவனுக்குச் சார்பு கிடையாது. மூக்கு மட்டும்தான் இருந்தது.

இத்தனைக்கும் இந்தக் கள ஆய்வு புதுக்கலை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், வெள்ளைக்காரர், 1916ல் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். எங்கே? பெரும்பாலும் அவரவர் சொந்த ஊருக்கு. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி. 1918ல் அது புத்தகமாகவும் வந்தது. அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிராசுதார் கண்ணில் சேரி எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் அப்படியே. ஆனாலும் தன் ஊர்க் கணக்கைத் தானே எழுது என்ற அளவுக்காவது அந்த மனிதருக்குத் தோன்றியது. நூறு வருஷம் கழித்து நம்மாட்கள் பஸ் எடுத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டுக் கக்கூஸை எண்ண வருகிறார்கள். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதுங்கள், நாங்கள் படிக்கிறோம் என்று சொன்னால் யாருடைய கிரெடிட் குறைந்துவிடும்?

போன தடவை பேராசிரியரிடமே ஒரு யோசனை சொன்னேன். அடுத்த வருஷம் பணக்காரர் குடியிருக்கும் போட் கிளப் பக்கம் போங்கள் சார். பெல் அடித்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை கக்கூஸ், கழிவுநீர் எந்த ஆற்றுக்குப் போகிறது, இந்த நிலம் எப்படி வந்தது என்று கேளுங்கள். பெட்ரூமை போட்டோ எடுங்கள். பாட்டி இருந்தால் ஸ்லைடில் போடுங்கள்.

“அதெல்லாம் பர்மிஷன் வாங்கணும் சார்” என்றார்.

“இங்க யார்கிட்ட வாங்கினீங்க?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.