ஐந்து கட்டை உறுமல்

போன ஞாயிற்றுக்கிழமை எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. லேப்டாப்பிலிருந்து வயரை இழுத்து ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். பாட்டுக்கு முன்னால் "ம்ம்ம்ம்" வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டு முடிந்தது, அது முடியவில்லை. இதற்கான மருந்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த உறுமலுக்குரிய மரியாதையைச் செய்துவிடலாம்.

நம் கரன்ட்டுக்கு நொடிக்கு 50 சுற்று. சுருதிக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து கட்டை, அதுவும் பாதாளத்தில். ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு இது பஞ்சமம். தம்புராச் செலவு மிச்சம். ஒன்றரைக் கட்டைக்காரருக்குப் பிரதி மத்யமம். பாவம், சங்கராபரணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. இரண்டு கட்டை என்றால் சுத்த மத்யமம். அவர் கல்யாணியைத் தொட்டால் தொலைந்தார். ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்கு மட்டும் அசல் ஷட்ஜம். அமெரிக்காவில் 60 சுற்றாம். அங்கே உறுமல் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் தொங்கும், எந்த வித்வானுக்கும் உதவாது. எங்கள் வில்லியனூர்க்காரன் கொடுத்துவைத்தவன்.

பாகூரிலிருந்து வந்திருந்த என் மச்சினன், "வயர் மட்டம் மாமா, தங்க முலாம் போட்டது வாங்குங்க" என்றான். தங்கம் விற்கிற விலையில்! சார்ஜரைப் பிடுங்கினேன்; உறுமல் செத்தது. செருகினேன், பிழைத்தது. லேப்டாப்பின் தகட்டில் விரல் வைத்தால் சுறுசுறுவென்றது, உறுமலும் குறைந்தது. "அப்படியே தொட்டுக்கிட்டு உக்காரு, பாட்டு நல்லாக் கேக்குது" என்றாள் அம்மா.

எலக்ட்ரீஷியன் வந்து, "எர்த் இல்லீங்க" என்றார். எர்த் இருந்தால் சார்ஜரில் கசியும் கரன்ட் மண்ணுக்குப் போகுமாம். இல்லாவிட்டால் ஆடியோ வயரின் மேல்பின்னலைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையுமாம். எர்த்துக்கு நம் வீடுகளில் என்ன மரியாதை? பிளக்கின் மூன்று முள்ளில் அதுதான் தடித்தது, நீளமானது. முதலில் தொட்டுக் கடைசியில் விலகட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நாம் அந்த ஓட்டையில் பேனாவை நுழைத்து, மற்ற இரண்டு ஓட்டைகளைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கிறோம். செல்போன் சார்ஜ் ஏறுகிறது, போதாதா? பேனாவைத் தேடினால் மட்டும் கிடைக்காது.

வீடு கட்டியபோது உப்பும் கரியும் கொட்டி எர்த் பைப் இறக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும், அவ்வப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். குழி எங்கே என்று கேட்டார். வாசலைக் காட்டினேன். மேலே டைல்ஸ், டைல்ஸ் மேலே ஸ்கூட்டர்.

"ஊத்துங்க," என்றாள் என் மனைவி, "வண்டியும் கழுவின மாதிரி ஆகும்."