ஸ்டீல் மேல் காதல்

கேள்வி: கையில் தூக்கும் எடையில் கார்பன் சைக்கிள் வந்த பிறகும், பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளைச் சிலர் விடமாட்டேன் என்கிறார்களே?

பதில்: எப்படி விடுவார்கள்? 1935-இல் வந்த, சைக்கிள் ஃபிரேமுக்கான ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாயைப் பாருங்கள். பற்றவைக்கும் முனைகளில் தடிப்பு, நடுவில் மெல்லிசு. எடையும் குறைவு, குலுக்கலும் குறைவு. வளைந்தால் பெரும்பாலும் நிமிர்த்தலாம். விரிசல் விட்டால் பற்றவைக்கலாம். அப்பா மிதித்ததை மகள் மிதிக்கலாம். சொத்து என்றால் இதல்லவா சொத்து!

இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் இதற்கென்றே ‘எரோயிகா’ என்று ஒரு சவாரி நடக்கிறது. 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களுக்குத்தான் அங்கே ராஜ மரியாதை. அவற்றில் கியர் மாற்ற, ஹேண்டில்பாரை விட்டுக் கையைக் கீழே ஃபிரேமுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியே வெள்ளை மண் சாலையில் புழுதி பறக்க மேடேறுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு சைக்கிள் கிடந்தால், காயலான் கடைக்குப் போடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.