கடுகு காத்திருக்காது

சமையலறையை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று விற்பனைக்கு வரும் எந்தச் சாமானுக்கும் நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். எண்ணெயில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது அதை ஒற்றைக் கையால் திறக்க முடியுமா? அதுவும், கொத்தமல்லி அலசிய ஈரக் கையால்? முடியும் என்றால் விலை கேட்பேன். இல்லையென்றால் அது ஷோகேஸில் வைக்க வேண்டிய பொருள்.

இதில் முதல் சுற்றிலேயே தோற்றது என் தங்கை வாங்கிய சுழலும் மசாலா ஸ்டாண்ட். நாலு அடுக்கு, 16 கண்ணாடி சீசா, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி திருகு மூடி. கடுகு வெடித்தது. உளுத்தம்பருப்புக்காகச் சுற்றினாள், சோம்பு வந்தது. இன்னொரு சுற்று, கசகசா. எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள், மறுபடியும் சோம்பு. உளுத்தம்பருப்பு வந்து, அதன் மூடி திருகிக் கழல்வதற்குள் கடுகு கரியாகி, வீடு முழுக்கப் புகை. “ஆனா பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்கு பாருக்கா” என்றாள் இருமிக்கொண்டே. இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் ஒரு மூடியைத் தூக்கினால் கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆஜர்.

அடுத்தது டிராயருக்குள் வைக்கிற கரண்டித் தட்டு. ஸ்பூனுக்கு ஒரு பள்ளம், முள்கரண்டிக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று. கையால் பிசைந்து சாப்பிடுகிற வீட்டில் முள்கரண்டிப் பள்ளத்துக்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் அதில் ரப்பர் பேண்டுகள் குடியிருக்கின்றன. ஜல்லிக்கரண்டி, தோசைத் திருப்பி, பருப்பு மத்து, இடுக்கி, முறுக்கு அச்சு என்று இடம் கேட்டு நிற்பவர்கள் எவருக்கும் பள்ளம் கிடையாது. ஜல்லிக்கரண்டியைக் குறுக்கே படுக்க வைத்து மூடினால் அது உள்ளே போய் நிமிர்ந்துகொள்ளும். பிறகு உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல டிராயர் அசையாது.

இன்றைய மாடுலர் கிச்சனுக்கு மூதாதை 1926இல் ஜெர்மனியில் வந்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் என்று கச்சிதமான அறை. அதில் அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய அறைகள், சாய்த்துக் கொட்ட மூக்கு வைத்தவை. மாவுக்கு மட்டும் பூச்சி அண்டாத ஓக் மரம். சுமார் 10,000 குடியிருப்புகளில் இதை வைத்துக் கட்டினார்கள். வடிவமைத்தவர் மார்கரெட் ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். அதுவரை தான் சமைத்ததே இல்லை, வீட்டு நிர்வாகமும் பார்த்ததில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அந்த அம்மாள் அதை ஒளிக்காமல் சொன்னாரே, அதற்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டு மாடுலர் கிச்சனுக்கு அளவெடுக்க வந்த தம்பி அலமாரியை அங்குலம் அங்குலமாக அளந்தார். இட்லிப் பானையின் உயரத்தை மட்டும் கேட்கவேயில்லை.

அரிசி டிஸ்பென்சர் விஷயத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மாமியாரே பார்த்துக்கொண்டார். 10 கிலோ பிடிக்கும் பெட்டி. கடையிலோ மூட்டை 26 கிலோ. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் வந்ததும், ஒரு கிலோவைக் கூட்டி வரியையே தாண்டிவிட்டார்கள் நம்மூர் அரிசி ஆலைக்காரர்கள். ஆக, 10 கிலோ பெட்டிக்குள், மீதி 16 கிலோ மூட்டையாக அதன் பக்கத்தில். மூலையில் ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு. மாமியார் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“விழுறது சரி. எத்தனை ஆழாக்குன்னு இதுக்குத் தெரியுமா?”

“ஒரு அமுக்குக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு அத்தை.”

“அப்ப எனக்கு எதுக்கு ஆழாக்கு?” என்றவர், அன்றிலிருந்து ஆழாக்கை அதன் வாய்க்குக் கீழே பிடித்து, தலைதட்டி அளந்துதான் எடுக்கிறார். பெட்டி எங்கள் வீட்டில் வெறும் குழாய்.

மூங்கில் மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அந்த மூடிகளில் பூஞ்சை பிடிக்கும். புளிக்கும் கல் உப்புக்கும் பீங்கான் ஜாடிதான். உப்பு பட்டால் எவர்சில்வரே புள்ளி புள்ளியாக அரிக்கும்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்ததே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சிங்க்குக்கு மேலே சுவரில் மாட்டும் எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்ட். தண்ணீர் தானே வடியும், தட்டு கண்ணெதிரே நிற்கும், கடைக்காரர் ஒத்துக்கொண்டால் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டே வாங்கலாம். வெங்காயத்துக்குக் காற்றோட்டமான ஓட்டைக் கூடை. பிரித்த பாக்கெட்டுகளுக்குத் துணி கிளிப். அதையே ‘கிச்சன் கிளிப்’ என்று அட்டையில் கோத்தால் விலை ஏறிவிடும், கொடியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நிஜமாகவே தேவைப்படுவது குக்கர் மூடிக்கு ஓர் இடம். நீளக் கைப்பிடி, எந்தத் தட்டிலும் உட்காராது, எந்த டிராயரிலும் நுழையாது, ஸ்டாண்டில் வைத்தால் நாலு தட்டைத் தள்ளிவிட்டுத்தான் ஓயும். முட்டைக்குப் பெட்டி, எலுமிச்சைக்குப் பெட்டி, பாதி நறுக்கிய வெங்காயத்துக்குக்கூட வெங்காய வடிவத்தில் பெட்டி செய்தவர்கள் இதை மட்டும் கண்டுகொள்ளவில்லை. யாராவது செய்தால் பேரம் பேசாமல் வாங்குவேன், ஈரக் கைப் பரீட்சைகூட வைக்க மாட்டேன். இப்போதைக்கு வெயிட் கரண்டி டப்பாவில், காஸ்கெட் ஆணியில், மூடி மிக்ஸியின் தலையில்.