முரசுமோட்டைப் பால்கோப்பி: போசணையும் உபசார இலக்கணமும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் முரசுமோட்டையில் (‘மோட்டை’ என்பது வன்னி வழக்கில் சிறு நீர்நிலை), பால்கோப்பி என்பது வீட்டுக்கு வந்தவரின் தகுதியை அளக்கும் கருவி என்பதே இவ்வாய்வின் துணிபு. அதைக் குடிக்கவும் செய்யலாம் என்பது துணைச் செய்தி.

கும்பகோணத்தார் சிக்கரி கலந்த தூளை வடிகட்டியில் இட்டு டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருக்க, இங்குள்ள பழைய முறையோ கோப்பிக்கொட்டையை மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து வறுத்து இடித்து, கொதிநீரில் நேரே போட்டு, மண்டி அடியில் படியும்வரை பொறுத்திருப்பதாகும். 1869 இல் இலங்கைத் தோட்டங்களில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை வீழ்த்தி நாட்டையே தேயிலைக்கு மாற்றிய பின்னரும், மல்லிக்கோப்பி மட்டும் தடிமனுக்கு மருந்து என்ற சாக்கில் அடுப்படியில் தப்பிப் பிழைத்தது.

வந்தவர் அயலவராயின் வெறுங்கோப்பியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வரும். பனங்கட்டியைக் கரைத்தல் பிழை, ஒரு கடி, ஒரு மிடறு என்பதே விதி. தூரத்து உறவினராயின் பால்மா கரைத்த கோப்பி. சம்பந்தம் பேச வந்தவராயின் பசுப்பால் காய்ச்சப்படும், சீனியும் கேளாமலே மூன்று கரண்டி விழும். கிராம அலுவலருக்கு வந்த கோப்பி வழக்கத்தினும் மேலாக ஆத்தப்பட்டு நுரை ததும்பி நின்றால், அவ்வீட்டாருக்கு ஏதோவொரு கையொப்பம் தேவைப்படுகிறது என்று கொள்க. கண்ணாடி அலுமாரியிலிருந்து மூக்குப்பேணி (உதடு படாமல் குடிப்பதற்கு மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம்) இறக்கப்படும் ஓசை கேட்குமாயின், கையொப்பம் ஒன்றல்ல.

போசணை நோக்கில், 100 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன; கோப்பி தன் பங்குக்கு உறக்கத்தைக் கலைக்கும் கஃபீனையும், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் பொலிபீனோல்களையும் தருவதால், சாப்பிட்ட கையோடு அதைக் குடிப்பது உகந்ததன்று. ஆனால் காலையில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய், அதே வீட்டுக்குக் கடையிலிருந்து 400 கிராம் பால்மாப் பைக்கற்று வந்து சேர, எஞ்சிய பசுப்பாலும் ஏற்கெனவே நன்றாக உண்டு வந்த விருந்தினர் வயிற்றுக்குள் போகிறது. வெயிலில் வரம்பு கட்டி வந்தவரோ வெறுந்தேத்தண்ணியோடு படலையைத் தாண்டுகிறார். இந்தக் கணக்கைப் போசணை அட்டவணை எதுவும் விளக்கப்போவதில்லை.

ஆகவே முரசுமோட்டைக்குச் செல்வோர், பாலில்லாக் கோப்பி கைக்கு வந்தால் மறுபேச்சின்றிக் குடித்து முடிக்க. தீர்ப்பு குசினிக்குள் எழுதப்பட்டுவிட்டது, மேன்முறையீட்டுக்கு இடமில்லை.