‘வெங்கட்டா, அஸ்வினா’ அண்ணன்

திருப்பூரில் பனியன் கம்பெனி உள்ள தெருவென்றால் முனையில் பேக்கரி இருக்கும். பேக்கரி இருந்தால் அங்கே ஒப்பீட்டு அண்ணனும் இருப்பார். அவர் கட்டிங் மாஸ்டராக இருக்கலாம், மெர்ச்சண்டைசராக இருக்கலாம், நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன முதலாளியாகவும் இருக்கலாம். பிழைப்பு எதுவானாலும் உபதொழில் ஒன்றுதான்: ஒருவரையொருவர் மைதானத்தில் சந்தித்தே இராத இரண்டு ஆட்டக்காரர்களை மோதவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. டீ ஆறுவதற்குள் கவாஸ்கர் - கோலி வழக்கை முடித்துவிடுவார். தேங்காய் பன் வந்தபிறகுதான் பெரிய வழக்கு: ஆஃப் ஸ்பின்னில் பெரியவர் வெங்கட்ராகவனா, அஸ்வினா? இருவரும் சென்னைக்காரர்கள், இருவரும் பொறியியல் படித்தவர்கள். (வெங்கட் காலத்து இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னாவும் பொறியாளர்தான். அறுபது வருஷமாக மாறாத ஒரே அளவுகோல் இந்தப் பட்டம். அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.) “ஏனுங்க, நூத்தம்பத்தாறு எங்க, ஐந்நூத்து முப்பத்தேழு எங்க?” என்று ஒரு நாள் அஸ்வினுக்காக மேசையைத் தட்டுவார். மறுநாள் எதிரில் இருப்பவர் அஸ்வின் பக்கம் போய்விட்டால், அண்ணன் கூசாமல் வெங்கட்டின் வக்கீலாகிவிடுவார்.

இவர்மேல் வைக்க ஒரே ஒரு குற்றச்சாட்டு உண்டு. தொழிலில் இவரைப்போல நியாயமாக ஒப்பிடுகிற ஆள் கிடையாது. அந்த நியாயத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார் என்பதுதான் அது. இரண்டு துணிகளை முன்னால் போட்டு “எதுங்ணா உசத்தி?” என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்க மாட்டார். ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து, அழுத்தித் திருகி, நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி எடுப்பார். குட்டித் தராசில் போடுவார். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். அத்தோடும் விடமாட்டார். என்ன கவுண்ட் நூல், காம்டா கார்டடா, காம்பாக்டிங் ஆனதா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒன்று துவைத்தது, இன்னொன்று துவைக்காதது என்று தெரிந்தால் “இத எப்படிங்க ஒப்பிடறது?” என்று இரண்டையும் தள்ளிவிடுவார். இதே மனிதர்தான் கேட்டைத் தாண்டியதும், 1965-இல் தொடங்கியவரின் விக்கெட்டுகளையும் 2024-இல் முடித்தவரின் விக்கெட்டுகளையும் ஒரே தட்டில் கொட்டுகிறார். காரணம் அறியாமை இல்லை. துணியில் தப்பாகச் சொன்னால் சரக்கு திரும்பி வரும், பையர் பணத்தைப் பிடித்துக்கொள்வார். அஸ்வின் விஷயத்தில் தப்பாகச் சொன்னால் எதுவும் திரும்பி வராது. மிஞ்சிப்போனால் இன்னொரு டீ.

அண்ணனின் தொழில்முறையையே இந்த வழக்கிலும் வைத்துப் பார்க்கலாம். முதலில் அடிபடுவது மொத்தக் கணக்கு. வெங்கட் 1965 முதல் 1983 வரை ஆடியது 57 டெஸ்ட். அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106. ஆடக் கிடைத்ததே பாதி என்றால் 156-ஐயும் 537-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதே பிழை. ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்தாலும் தீராது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்று மூன்று பேர் அதே விக்கெட்டுகளுக்குக் கைநீட்டிய காலம் அது. அணியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. நால்வரும் சேர்ந்து ஆடியது 1967-இல் எட்ஜ்பாஸ்டனில் ஒரே ஒரு டெஸ்ட். போதாததற்கு, முன்காலைத் தூக்கிப் போட்டுக் கால்காப்பால் பந்தைத் தடுத்த பேட்ஸ்மேனை நடுவர் பெரும்பாலும் மன்னித்துவிடுவார். 2016 கடைசியில் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ்ஸை இந்தியா ஏற்றுக்கொண்டபின் அஸ்வினுக்கு அந்தக் கவலை வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் காலத்துக் கூட்டாளிகளோடுதான் நிறுத்த வேண்டும். வெங்கட்டின் சராசரி 36.11. அதே காலத்தில் அதே அணிக்கு வீசிய பிரசன்னாவுக்கு 30.38, சந்திரசேகருக்கு 29.74, பேடிக்கு 28.71. அஸ்வினுக்கு 24.00, அவர் காலத்தின் இன்னொரு பெரிய ஆஃப் ஸ்பின்னரான நேதன் லயனுக்கு 30-ஐ ஒட்டி. ஒருவர் தன் கூட்டாளிகளுக்குப் பின்னால் நிற்கிறார், மற்றவர் முன்னால். உண்மையில் அஸ்வினோடு மல்லுக்கு நிற்க வேண்டியவர் பிரசன்னா. 20 டெஸ்டில் 100 விக்கெட் என்ற அவருடைய இந்தியச் சாதனையை 2013-இல்தான் அஸ்வின் 18 டெஸ்டில் தாண்டினார். ஆனால் பிரசன்னா பெங்களூர்க்காரர். திருப்பூர் பேக்கரியில் அவருக்கு வக்கீல் அமைவதில்லை.

இதற்கு அண்ணனிடமிருந்து வரும் மறுப்புகள் லேசானவை அல்ல. “லயன் ஆஸ்திரேலியாவுல போட்டாருங்க, அங்க பந்து எங்க திரும்புது?” என்பது முதலாவது. நியாயம்தான். அதே இந்திய ஆடுகளங்களில் வீசிய ஜடேஜாவை வைத்தால் இடைவெளி மெலிந்துவிடுகிறது, அவருடைய சராசரியும் 25-ஐ ஒட்டியதுதான். மெலிந்தாலும் அஸ்வின் பின்னால் போகவில்லை. இரண்டாவது இன்னும் கனமானது: பேடி, பிரசன்னா, சந்திரா வரிசையில் நாலாவதாக இருப்பது, சாதாரணமான வரிசையில் முதலாவதாக இருப்பதைவிடப் பெரிதில்லையா? இதற்கு வெளியாள் ஒருவரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் லான்ஸ் கிப்ஸ், பெரும்பகுதி அதே காலத்து ஆஃப் ஸ்பின்னர், 309 விக்கெட், சராசரி 29.09. அவருக்கும் வெங்கட்டுக்கும் நடுவில் ஏழு ரன் நிற்கிறது. மூன்றாவது மறுப்பிடம் மட்டும் சராசரி வாயடைத்துப் போகிறது. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா முதல்முறையாகத் தொடரை வென்றபோது, கரீபியனில் இந்தியாவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட், 22. இங்கிலாந்தில் 13. அந்த இங்கிலாந்துத் தொடர் முழுக்க பிரசன்னா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அந்த ஒரு வருஷத்தை மட்டும் தராசில் போட்டால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

பக்கத்து மேசையில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். “வேற வேற காலத்த ஒப்பிடவே கூடாதுங்க” என்று ஒரே வாக்கியத்தில் ஞானியாகிவிடுகிறவர். அண்ணனைவிட இவர்தான் சோம்பேறி. ஒப்பிடவே முடியாதென்றால் போன சீசன் விலையை வைத்து இந்த சீசன் கோட்டேஷன் எப்படிப் போடுகிறார்கள்? நூல் விலை ஏறியதை, பீஸ் ரேட் ஏறியதைக் கழித்துப் பார்த்துத்தானே? இன்னொரு கூட்டம், இதெல்லாம் தன் வாலிபத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஆசை என்று உளவியல் பேசும். அதுவும் ஒட்டாது. செக்கிங்கில் இருக்கும் இருபது வயதுத் தம்பி, யூடியூபில் பார்த்த மங்கலான கறுப்பு-வெள்ளை ஓவர் ஒன்றை நம்பி வெங்கட்டுக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறான். அவன் எந்த வாலிபத்தைக் காப்பாற்றுகிறான்? அவனுக்கும் அண்ணனுக்கும் வேண்டியது தீர்ப்பில்லை, வாய்தா.

அந்த வாய்தாவுக்கு 2025 ஜூலையில் புதுச் சரக்கு வந்து இறங்கியது. தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப்போட்டியில் சாய் கிஷோரின் திருப்பூர் தமிழன்ஸ், அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் சாய்த்துக் கோப்பையை வாங்கியது. இருபது ஓவர் ஆட்டத்தை டெஸ்ட் வழக்கில் சாட்சியாகச் சேர்க்கக் கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியாததல்ல. இருந்தும் அன்றிலிருந்து வெங்கட்டுக்காக வாதாட வேண்டிய நாட்களில் அவர் 1971-ஐ எடுப்பதில்லை. பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்கிறார்: “வெங்கட்டு என்னைக்காவது திருப்பூர்கிட்டத் தோத்திருக்காருங்களா?”