மன்னர் போன பின் மாளிகை

கேள்வி: நாடிழந்த மன்னர் குடியிருந்த வீட்டை அருங்காட்சியகமாக்கினால், உள்ளே வைக்கப் பொருள்களுக்கு எங்கே போவார்கள்?

பதில்: மன்னர் எவ்வளவு மூட்டை கட்டினார் என்பதைப் பொறுத்தது! ஜெர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 1918 நவம்பரில் நெதர்லாந்துக்குத் தப்பினார். பின்னாலேயே பெர்லின், பாட்ஸ்டாம் அரண்மனைச் சாமான்கள் 59 ரயில் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. ஓவியங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், சீருடைகள், அவர் குலத்து மகா ஃபிரடெரிக்கின் மூக்குப்பொடி டப்பிகள் என்று அவர் குடியிருந்த டோர்ன் மாளிகை நிரம்பி வழிந்தது. 1941இல் அவர் அங்கேயே இறந்தார். போருக்குப் பின் நெதர்லாந்து அரசு மாளிகையை எதிரியின் சொத்தாகக் கைப்பற்றியது. 1956 முதல் அது அருங்காட்சியகம்.

அங்கே தங்கத்தைவிட மனதைத் தொடுவது எழுதுமேசை முன் நிற்கும் இருக்கை. நாற்காலி அல்ல, குதிரைச் சேணம்! படையில்லாத சக்கரவர்த்தி அதில் அமர்ந்துதான் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக வரலாறு படித்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது.

பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியன் கதை நேர்மாறு. செயின்ட் ஹெலினா தீவில் நாடுகடத்தப்பட்டு அவர் வாழ்ந்த லாங்வுட் வீடு, 1821இல் அவர் இறந்ததும் தானியக் கிடங்காகவும் தொழுவமாகவும் மாறியது. மேசை நாற்காலிகள் ஏலத்தில் சிதறின. 1858இல் பிரான்ஸ் அந்த வீட்டை விலைக்கு வாங்கியபோது கிடைத்தது வெறும் கூடுதான். சிதறியவற்றில் பல பிறகு திரும்பி வந்தன. 2016இல் நடந்த பாரிஸ் கண்காட்சிக்காக அந்த மரச்சாமான்கள் கப்பலேறிப் போய்ப் பழுதுபார்க்கப்பட்டன. சக்கரவர்த்தி உயிரோடு மீண்டும் பார்க்க முடியாத பாரிஸை அவருடைய மேசைகள் பார்த்துவிட்டன.